வான்கோழிக்குத் தீ கடைசி வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகவும், பிள்ளைகளைப் பார்க்க இங்கே வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்காகவும் என்ற முன்னுரையோடு, நன்றி நவிலும் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்துக்கு முழு வான்கோழியைக் கரியடுப்பில் சுடும் முறை ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். மினசோட்டா மாநிலத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வசிப்பவள் நான். எங்கள் வீட்டில் அடுக்களை என் கணவருடையது, பின்கட்டில் இருக்கும் கரியடுப்பு என்னுடையது. அதனால் அந்தப் பக்கத்தை வேறு எவரையும் விட ஆவலோடு படித்தேன் என்று சொல்லலாம். நடை நன்றாக இருந்தது, படம் அதைவிட நன்றாக இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்தபடியே ஒருவர் செய்தால் அவருக்குக் கிடைப்பது வெளியே கரிந்து உள்ளே சிவந்த ஒரு பறவையாகத்தான் இருக்கும் என்பதோடு, இரண்டு இடங்களில் அந்தக் குறிப்பு ஆபத்தாகவும் இருந்ததால் இதை எழுத வேண்டியதாயிற்று.

குறிப்பின் அடிப்படைக் குறை என்னவென்றால், அது விருந்து நாளான வியாழக்கிழமை காலையில் தொடங்குகிறது. முந்தின இரவு வான்கோழியை உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சமையலறை மேடைமேல் வைத்துவிட்டால் போதும், காலையில் கழுவி, மசாலா தடவி, தணலில் ஏற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறது. நம் ஊரில் ஒரு நாட்டுக்கோழியை அடித்து, உரித்து, வெட்டி, ஒரு மணி நேரத்தில் குழம்பாக்கிப் பழகிய கைக்கு இது இயல்பாகத் தோன்றும். ஆனால் கடையில் கல்லாக உறைந்து கிடக்கும் பதினான்கு பவுண்டு, அதாவது ஆறேகால் கிலோவுக்கும் சற்று மேலான ஒரு பறவையைப் பொறுத்தவரை, அது நன்றாக வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் வேலையெல்லாம் தீ மூட்டுவதற்கு முந்தைய ஐந்தாறு நாட்களில், பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளே, எவர் கண்ணிலும் படாமல் நடந்து முடிந்துவிடுகிறது.

நாள்கணக்கு இவ்வளவு முக்கியமாக இருப்பதால் இன்னொரு பிழையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றி நவிலும் நாள் நவம்பர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை என்று எழுதியிருந்தது. 1863இல் ஆபிரகாம் லிங்கன் அறிவித்தபோது அப்படித்தான் இருந்தது. ஆனால் 1941இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதை நான்காம் வியாழக்கிழமை ஆக்கிவிட்டது. நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள் வரும் ஆண்டுகளில் கடைசி வியாழன் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர், ஊரெல்லாம் உண்டு முடித்து ஒரு வாரம் கழித்தே பறவையை வெளியில் எடுப்பார். ‘டர்க்கி’ என்ற ஆங்கிலப் பெயரைக் கொண்டு இது துருக்கி நாட்டுப் பறவை என்று எழுதியிருந்ததும் சரியன்று. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோப் பகுதி மக்கள் இதை வீட்டுப் பறவையாக வளர்த்து வந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில்தான் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஆங்கிலேயர் அதன்மேல் துருக்கியின் பெயரை ஏற்ற, துருக்கியரோ இந்தியாவிலிருந்து வந்ததென்று நினைத்து ‘ஹிந்தி’ என்று அழைக்க, டச்சுக்காரர்கள் நம் பக்கத்துக் கோழிக்கோட்டின் பெயரைத் திரித்து ‘கல்கூன்’ என்று வைத்துவிட்டார்கள். மயிலைப் பார்த்து ஆடியதாகத் தமிழில் ஏச்சு வாங்கியது போதாதென்று, ஊர் ஊராக இல்லாத முகவரியும் சுமக்கிற பறவை இது.

உறைவு இளகும் விஷயத்துக்கு வருகிறேன். உறைந்த வான்கோழியை அறையின் சூட்டில் வைத்தால் தோலும் அதற்கடுத்த சதையும் இரண்டொரு மணி நேரத்திலேயே இளகிவிடும். ஆனால் நெஞ்சுக்கூட்டின் உட்புறம் பனிக்கட்டியாகவே இருக்கும். உட்புறம் இளகுவதற்காக நாம் காத்திருக்கும் அந்த இரவு முழுவதும் வெளிப்புறம் கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற சூட்டில் கிடக்கிறது. 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் 140 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதியை, அதாவது 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள பகுதியை, அமெரிக்க வேளாண்மைத் துறை அபாய எல்லை என்றே குறிப்பிடுகிறது. பறவையை மேல்உறை பிரிக்காமல், கசியும் நீரைத் தாங்க ஓர் அகலத் தட்டில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இடம் ஒதுக்கி, ஒவ்வொரு நான்கைந்து பவுண்டுக்கும் ஒரு முழு நாள் என்ற கணக்கில் இளகவிட வேண்டும் என்பது அத்துறையின் வழிகாட்டல். பதினான்கு பவுண்டுக்கு மூன்றிலிருந்து நான்கு நாள் ஆகும். நான் முந்தின வெள்ளிக்கிழமை இரவே உறைபெட்டியிலிருந்து கீழே இறக்கிவிடுவேன். செவ்வாய் இரவுக்குள் முழுமையாக இளகியிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. முதல் ஆண்டு நானும் புதன் இரவு மேடைமேல் வைத்தவள்தான். வியாழன் காலையில் மேலே தொட்டுப் பார்த்தபோது மெத்தென்று இருந்ததால் அப்படியே அடுப்பில் ஏற்றினேன். நான்கு மணி நேரம் கழித்து, பன்னிரண்டு பேர் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, வெட்டுக்கத்தி நெஞ்சைத் தாண்டியதும் உள்ளே பனித்துகள் நறநறத்தது. அன்று எங்கள் வீட்டில் விருந்தாளிகள் உண்டது தயிர்ச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு காகிதப் பையும் வெளிவந்தது என்பதைக் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் குறிப்பு அதைப்பற்றியும் மூச்சுவிடவில்லை. இங்கே விற்கப்படும் முழு வான்கோழியின் உள்ளே கழுத்தெலும்பையும், ஈரல், இதயம், இரைப்பை ஆகியவற்றை ஒரு சிறு பையில் கட்டியும் செருகி வைத்திருப்பார்கள். ஒன்று வயிற்றுப் பக்கத்திலும் மற்றொன்று கழுத்துத் தோலுக்கு அடியிலும் இருப்பது வழக்கம். இரண்டு வாய்களிலும் கைவிட்டுத் துழாவி எடுத்துவிட்டால், கழுத்தையும் இரைப்பையையும் வெங்காயத்தோடு வேகவைத்துக் குழம்புக்குச் சாறு எடுக்கலாம்.

அடுத்தது கழுவுவது. இங்கேதான் தமிழ் வாசகர்கள் என்மேல் கோபப்படக்கூடும். மஞ்சள் தடவி மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவாத கறியை என் மாமியார் கறியாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் இங்கே வந்திருந்த ஆண்டு இதற்காக என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் சந்தையில் அறுத்து, இறகும் மண்ணுமாகக் கையில் கிடைக்கும் கோழிக்கு ஏற்பட்ட வழக்கம் அது. இறகு நீக்கி, குடல் எடுத்து, துப்புரவாக்கி, ஆய்வுக்குப் பின் உறையிட்டு வரும் பறவையைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் அதன்மேலுள்ள சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகள் போய்விடுவதில்லை. தெறிக்கும் நீரோடு சேர்ந்து தொட்டியிலும், பக்கத்தில் வைத்திருக்கும் கீரையிலும் கோப்பைகளிலும் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றைக் கொல்வது சூடு மட்டுமே. வேளாண்மைத் துறை கழுவ வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். உறையைப் பிரித்ததும் காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, கையையும் தொட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவுவதே போதுமானது. தோல் உலர்ந்திருப்பது பின்னால் சுடுவதற்கும் உதவும்.

உப்பைப் பற்றிக் குறிப்பில் ‘தேவையான அளவு’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. குழம்புக்கு அது போதும், கொதிக்கும்போது ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்; முழுப் பறவைக்கு அந்த வழி கிடையாது. எலும்பை ஒட்டியிருக்கும் சதை வரை உப்பு போய்ச் சேர நேரம்தான் வேண்டும், வேறு தந்திரம் எதுவும் இல்லை. செவ்வாய் இரவு, ஐந்து பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் கோஷர் என்ற பெருந்துகள் உப்பை எடுத்து, நெஞ்சில் சற்று அதிகமாகவும் கால்களிலும் முதுகிலும் வயிற்றுக்குள்ளும் அளவாகவும் தூவித் தேய்த்து, மேலே எதுவும் போர்த்தாமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். முதல் சில மணி நேரத்தில் உப்பு சதையிலிருந்து நீரை வெளியே இழுக்கும். தட்டில் நீர் கோத்திருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். பிறகு அந்த நீரில் கரைந்த உப்பு சதைக்குள்ளேயே திரும்ப ஊறி, தசையின் புரதங்களை நெகிழ்த்திவிடுவதால், வியாழனன்று தீயில் வேகும்போது அது தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுவது குறைகிறது. சாறுள்ள நெஞ்சுக்கறிக்கும் தேங்காய் நார் போன்ற நெஞ்சுக்கறிக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த முப்பத்தாறு மணி நேரத்துக்கு உரியது. கோஷர் உப்பு பெரும் பொரியாக இருப்பதால் கரண்டியில் அதிகம் நிற்காது. சாதாரணப் பொடியுப்பு என்றால் பாதியளவே போதும்.

ஓர் எச்சரிக்கை. கடைகளில் கிடைக்கும் உறைந்த வான்கோழிகள் பலவற்றில் ஏற்கெனவே உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். உறையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அது எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படிப்பட்ட பறவைக்கு நான் சொன்ன அளவைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதற்குத் தோல்மேல் சிறிதளவு தூவினாலே நிறைவு. உப்பு நீரில் முழுப் பறவையையும் மூழ்கவைக்கும் முறையும் உண்டு. அவ்வளவு பெரிய பாத்திரமும் அதை வைக்கும் இடமும் யாரிடம் இருக்கிறது என்பதே என் கேள்வி, மேலும் நீரில் ஊறிய தோல் கடைசிவரை சவசவவென்றே இருக்கும்.

மசாலாவைப் பற்றி உங்கள் குறிப்பு மிக நீளமாகப் பேசியது. நான் சுருக்கமாகவே சொல்கிறேன். தயிரில் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் குழைத்துத் தோல்மேல் தடிமனாகப் பூசுவது பத்து இருபது நிமிடத்தில் வெந்துவிடும் துண்டங்களுக்குப் பொருந்தும். மூன்று மணி நேரம் அனலில் இருக்கும் பறவையின்மேல் அந்தப் பூச்சு கறுத்துக் கசந்துவிடும், அதனடியில் தோல் மொறுமொறுப்பாகவும் ஆகாது. நம் ருசி வேண்டுமென்றால் நெஞ்சின் பக்கமாகத் தோலுக்கும் சதைக்கும் நடுவே விரல்களை மெல்ல நுழைத்துப் பிரித்து, இளகிய வெண்ணெயிலோ நெய்யிலோ இடித்த மிளகு, சீரகம், பூண்டு, கொஞ்சம் கறிவேப்பிலை சேர்த்து உள்ளே தடவலாம். தோல்மேல் எண்ணெய் மட்டும் போதும்.

இப்போது அடுப்பு. குறிப்பில் தணலைப் பரப்பி அதன்மேல் பறவையை வைத்து அவ்வப்போது திருப்பிவிடச் சொல்லியிருந்தது. தணலுக்கு நேர்மேலே வைத்த வான்கோழியின் முதுகு அரை மணியில் கரிந்துவிடும், சொட்டும் கொழுப்பு தீப்பிடித்துச் சுவாலை எழும்பும், நெஞ்சின் நடுவோ வெதுவெதுப்பைக்கூட எட்டியிருக்காது. இவ்வளவு பெரிய பறவைக்குத் தீயின் வெக்கை பக்கத்திலிருந்து வர வேண்டும், மேலே மூடி இருக்க வேண்டும், அந்த மூடிக்குள் சுழலும் சூட்டில் அது மெல்ல வேக வேண்டும். குண்டுச் சட்டியும் அதன் மூடியும் போல உருண்டையாக இருக்கும் கரியடுப்பு இந்த வேலைக்கென்றே பிறந்தது போன்றது. 1952இல் சிகாகோ பக்கத்தில் ஓர் உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், நீரில் மிதக்கவிடும் மிதவைகளுக்காகச் செய்த உலோக அரைக்கோளங்களைக் கொண்டு வெபர் என்று பெயர்பெற்ற இந்த உருண்டை அடுப்பின் முதல் வடிவத்தை உருவாக்கினார். காற்று அடிக்கும்போது திறந்த அடுப்பில் சமைக்க முடியாத எரிச்சல்தான் அதற்குக் காரணம் என்பார்கள். மினசோட்டாவின் நவம்பர் காற்றில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் நன்றாகவே புரியும்.

நான் செய்யும் முறை இது. அச்சுக்கரிகள் ஐம்பதை ஒரு தகரக் குழாயில் நிறுத்தி அடியில் காகிதம் கொளுத்தி, மேலுள்ள கரிவரை சாம்பல் பூத்ததும், அடுப்பின் இருபுறமும் இருபத்தைந்து இருபத்தைந்தாகக் குவித்து வைப்பேன். நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஓர் அலுமினியத் தட்டை வைத்து இரண்டு குவளை வெந்நீர் ஊற்றுவேன். சொட்டும் கொழுப்பும் சாறும் அதில் சேர்ந்து பின்னால் குழம்புக்கு உதவும், தீப்பற்றவும் செய்யாது. மேலே கம்பித்தட்டு, அதன்மேல் தட்டுக்கு நேராக, நெஞ்சு வானம் பார்க்க வான்கோழி. இந்த அமைப்பில் ஒரு நயம் உண்டு: பறவையின் தொடைகள் இரண்டும் இருபுறத்துத் தணலையும் பார்த்தபடி இருக்க, நெஞ்சு இரண்டுக்கும் தொலைவாக நடுவில் இருக்கும். தொடைக்கு அதிகச் சூடும் நெஞ்சுக்குக் குறைந்த சூடும் வேண்டும் என்பதுதான் இந்தப் பறவையோடு நமக்குள்ள தீராத வழக்கு, அந்த வழக்கில் பாதியைக் கரியை வைக்கும் இடமே தீர்த்துவிடுகிறது. இறக்கை நுனிகளை முதுகுக்கு அடியில் மடித்துச் செருகிவிட்டால் அவை கரியாமல் இருக்கும்.

மூடிய பிறகு அடுப்பின் உள்சூடு 325இலிருந்து 350 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்குமாறு அடியிலும் மூடியிலும் உள்ள காற்றுத் துளைகளைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். துளையைத் திறந்தால் சூடு ஏறும், குறுக்கினால் இறங்கும். மணிக்கு ஒருமுறை இருபுறமும் ஏழெட்டுக் கரி சேர்க்க வேண்டும். பனி உறையும் குளிரில் அடுப்பின் தகடே சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருப்பதால் இங்கே நான் பத்துக்குக் குறையாமல் சேர்க்கிறேன், காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டும்படி அடுப்பைத் திருப்பி வைக்கிறேன். கரி சேர்க்கும் நேரம் தவிர மூடியைத் திறக்கக் கூடாது. விருந்துக்கு வரும் உறவுக்காரர் ஒவ்வொருவரும் ஒரு தடவை திறந்து பார்க்க ஆசைப்படுவார்கள். ஒவ்வொரு தடவையும் அரைமணி உழைத்துச் சேர்த்த சூடு நொடியில் போய்விடும். ஆப்பிள் அல்லது செர்ரி மரத்துண்டு இரண்டைத் தணல்மேல் போட்டால் இதமான புகைவாசம் ஏறும். மெஸ்கீட் என்ற முள்மரத்தின் புகை இவ்வளவு நேரம் பட்டால் கறி மருந்து போலக் கசக்கிறது என்பது என் அனுபவம். பன்னிரண்டிலிருந்து பதினான்கு பவுண்டுப் பறவை இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரத்தில் வெந்துவிடும். நான்கைந்து பேர் மட்டுமுள்ள குடும்பத்தினர் சிறிய பறவையாக வாங்கி, சமையலறைக் கத்தரியால் முதுகெலும்பை இருபுறமும் வெட்டி எடுத்துவிட்டு, நெஞ்சை அழுத்தித் தட்டையாக்கிச் சுட்டால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திலேயே முடித்துவிடலாம். மேசை நடுவே முழுசாக வைத்துப் படம் எடுக்க முடியாது என்பது ஒன்றே அதன் குறை.

இந்த இடத்தில், குறிப்பிலிருந்த மிகப் பெரிய தவறைச் சொல்லியாக வேண்டும். வெளியே குளிராக இருந்தால் அடுப்பைக் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, கதவைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்று எழுதியிருந்தது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலியும் மயக்கமுமாகத் தொடங்கி உயிரையே எடுத்துவிடும். கதவு பாதி திறந்திருப்பது எந்தப் பாதுகாப்பும் ஆகாது, கொட்டகை வீட்டோடு ஒட்டியிருந்தால் வாயு வீட்டுக்குள்ளும் பரவும். எவ்வளவு பனி கொட்டினாலும் கரியடுப்பு திறந்த வெளியில், சுவரையும் மரத் தாழ்வாரத்தையும் விட்டு விலகியே நிற்க வேண்டும். நாம்தான் சட்டைமேல் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். நவம்பர் கடைசியில் இங்கே மாலை நான்கரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால், தலையில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்றையும் நான் வைத்திருக்கிறேன்.

வெந்ததா என்று எப்படி அறிவது? ‘பவுண்டுக்கு இருபது நிமிடம்’ என்று குறிப்பு கணக்குச் சொல்லியிருந்தது. அதன்படி பதினான்கு பவுண்டுப் பறவையை நான்கு மணி நாற்பது நிமிடம் சுட வேண்டும்; என் அடுப்பில் அதற்குள் நெஞ்சுக்கறி மரத்தூள் ஆகிவிடும். கடிகாரம் நாம் எப்போது அளக்கத் தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். நெஞ்சில் பதித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் குமிழ் வெளியே எழும்பும்வரை காத்திருப்பதும், தொடையைக் குத்திச் சாறு தெளிவாக வருகிறதா என்று பார்ப்பதும் நம்பத் தக்கவை அல்ல. பதினைந்து இருபது டாலருக்குக் கிடைக்கும் சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கி, நெஞ்சின் மிகத் தடித்த பகுதியிலும், தொடையும் உடலும் சேரும் உட்புறத்திலும், முனை எலும்பில் படாமல் செருகிப் பார்க்க வேண்டும். எலும்பில் பட்டால் எண் பொய் சொல்லும். பறவையின் எல்லாப் பகுதியும் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 74 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும் என்பது வேளாண்மைத் துறையின் விதி. நெஞ்சு 165ஐத் தொட்டதும் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் சாற்றைக் குடித்துவிடும். தொடைக்கோ 165 பாதுகாப்பானதாக இருந்தாலும் ருசிக்குப் போதாது, ஏனென்றால் நாளெல்லாம் நடந்து உழைத்த அந்தத் தசையிலுள்ள இணைப்புத் திசு கரைந்து மென்மையாவதற்கு 175 அளவுக்காவது ஏற வேண்டும். தணலைத் தொடைப்பக்கம் குவித்ததன் பலன் இங்கே தெரியும்: நெஞ்சு 165இல் நிற்கும் நேரத்தில் தொடை பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

கரியடுப்பில் சுட்ட பறவையை வெட்டும்போது தோலுக்கடியில் ஓர் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். ‘சிவப்பாக இருந்தால் மீண்டும் அடுப்பில் வைக்கவும்’ என்ற உங்கள் குறிப்பைப் படித்தவர்கள் நன்றாக வெந்த கறியை இன்னொரு மணி நேரம் வாட்டியிருப்பார்கள் என்பதால் இதையும் விளக்க வேண்டியிருக்கிறது. எரியும் கரியிலிருந்தும் விறகிலிருந்தும் வரும் வாயுக்கள் சதையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் உண்டாகும் நிறம் அது. வெப்பமானி 165 என்று காட்டினால் நிறம் எதுவானாலும் கறி வெந்ததுதான். நிறம் வெள்ளையாக இருந்து எண் எட்டாவிட்டால் வேகவில்லை.

இறக்கியதும் வெட்டக் கூடாது. அரைமணி நேரம் பலகைமேல் சும்மா விட வேண்டும்; தகட்டுத்தாளால் இறுக மூடினால் ஆவி பட்டுத் தோல் தளர்ந்துவிடும், எனவே மூடாமல் விடுவதே நல்லது. அந்த நேரத்தில் அடித்தட்டில் சேர்ந்த சாற்றிலிருந்து கொழுப்பை எடுத்துவிட்டு, கழுத்தெலும்பு வெந்த நீரோடு கொதிக்கவைத்து, கொஞ்சம் மாவு கரைத்து ஊற்றினால் குழம்பு தயாராகிவிடும். வெட்டும்போது முதலில் கால்களை மூட்டில் பிரித்து எடுத்து, பிறகு நெஞ்சுக்கறியை எலும்பிலிருந்து ஒரே பாளமாக அறுத்தெடுத்து, பலகையில் வைத்து நாருக்குக் குறுக்காக வில்லைகள் போட வேண்டும். எலும்போடு இருக்கும்போதே நீளவாக்கில் சீவுவதுதான் இங்கே படங்களில் காட்டும் முறை என்றாலும், அப்படிச் சீவினால் பல்லில் நார் மாட்டும்.

மிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். விருந்து முடிந்து பேச்சும் தொலைக்காட்சியுமாக எல்லோரும் சாய்ந்துவிட, பாதிப் பறவை இரவு பத்து மணிவரை மேசையிலேயே ஆறிக் கிடப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி இப்படி மெல்ல ஆறும் கறியில்தான் பெருகுகிறது. இந்நாட்டில் அதனால் வரும் நோய் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் அதிகமாகக் காணப்படுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து கறியைப் பிரித்து, ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் மூன்று நான்கு நாள் தாங்கும். எலும்புக்கூட்டை மட்டும் நான் எவருக்கும் கொடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை காலை அதை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தால், புகைவாசத்தோடு ஓர் எலும்பு ரசம் கிடைக்கும். என் மாமியார் கோபம் மறந்து என்னோடு பேசத் தொடங்கியது அந்த ரசத்தைக் குடித்த பிறகுதான்.

இத்திருத்தங்களை முழுவதும் வெளியிட இடம் இல்லையென்றாலும், மேடைமேல் இளகவிடுவது, கொட்டகைக்குள் அடுப்பை வைப்பது ஆகிய இரண்டையும் செய்ய வேண்டாம் என்பதையாவது நான்காம் வியாழக்கிழமைக்கு முன்பே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குறிப்பை நம்பிப் பறவையை இன்னும் உறைபெட்டியிலேயே வைத்திருப்பவர்கள் இதைப் புதன்கிழமை காலையில் படிக்க நேர்ந்தால், நீர் புகாத உறையோடு குளிர்ந்த நீரில் முழுதாக மூழ்கவைத்து, அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றிக்கொண்டே இருந்தால் பவுண்டுக்கு அரைமணி வீதம் பதினான்கு பவுண்டுப் பறவை ஏழு மணி நேரத்தில் இளகிவிடும். வெந்நீர் ஊற்றக் கூடாது. அன்று மாலையே உப்பைத் தேய்த்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் மறுநாள் நண்பகலுக்குள் பாதி வேலையாவது அது செய்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மினியாபொலிஸ், மினசோட்டா